மாடியேறிய சுவிசேஷம்

மாடிக்குப் போன நண்டுக் குழம்பு, போன வேகத்திலேயே கீழே இறங்கி வந்துவிட்டது.

வியாகுலம்மாள் தூக்கைத் திறந்து பார்த்தாள். ஒரு கால்கூடக் குறையவில்லை. விடியும் முன்பே காசிமேட்டில் போய் நின்று, ஏலம் போடுகிறவனோடு தொண்டை கட்டக் கத்தி வாங்கி வந்த நண்டு. மாடியில் குடியிருக்கும் ரூபனுக்காகவே வாங்கியது.

"ஓட்டக்கூட கடிச்சி உறிஞ்சற புள்ள அது. இன்னிக்கு 'வாணாம் ஆன்ட்டி, தப்பா நெனச்சிக்காதீங்க'ன்னு திருப்பி அனுப்புது. நீ இன்னா சொன்ன அதுகிட்ட?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இன்னா சொன்னேன்? ரட்சிப்பப் பத்தி சொன்னேன்," என்றார் லியோனார்டு.

"அதான் புள்ளைக்கு சோறு எறங்கல."

லியோனார்டு துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வேலைக்காலம் முழுக்க உயரத்தில் ஒண்டியாக உட்கார்ந்து, பேச ஆளில்லாமல் கிடந்த வாய் அது. இப்போது விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் அவர்கள் தெருவின் ஜெபக்குழுவுக்கு அவர்தான் தலைவர்.

ரூபன் எண்ணூர் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் உத்தியோகத்தில் இருந்தான். வீடு கேட்டு வந்தபோது பெயரைச் சொன்னான். லியோனார்டு மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல் சாவியைக் கொடுத்துவிட்டார். ராயபுரத்தில் ரூபன் என்று ஒருவன் இருந்தால் அவன் மாதா கோயிலுக்குப் போகிறவன்தானே? முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூப்பிட மாடியேறிக் கதவைத் தட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது.

"நான் யூதன் அங்கிள். மராட்டி யூதன். பம்பாய்க்குப் பக்கத்துல தானேன்னு ஒரு ஊரு."

லியோனார்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேதத்தில் மட்டும் பார்த்திருந்த ஜனத்தில் ஒருவன் தன் மாடியில் குடியிருந்து, "அங்கிள், மோட்டார் போடுங்க" என்று குரல் கொடுப்பான் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

பையனோ தங்கம். ஒரே மகள் கரோலின் துபாய்க்குப் போனபிறகு வெறிச்சோடிக் கிடந்த வீட்டுக்கு அவன் வந்துதான் களை வந்தது. மாலையில் லியோனார்டோடு கேரம் ஆடுவான். வியாகுலம்மாளுக்கு முட்டிவலித் தைலம் தீர்ந்துபோவதற்குள் அடுத்தது வந்துவிடும். துறைமுகத்துத் தொழிலாளர்களிடம் தமிழ் கற்றதால், மராட்டி நாக்கில் மெட்ராஸ் பாஷை பேசி இருவரையும் சிரிக்க வைப்பான்.

இவ்வளவு நல்ல பிள்ளை கடைசியில் மோட்சத்தில் நம்மோடு இருக்காதே என்ற நினைப்பு லியோனார்டை நிஜமாகவே வாட்டியது. மோட்சத்தில் வேறு யாரோடு கேரம் ஆடுவது? எப்படியாவது இவனையும் சேர்த்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று முடிவு செய்தார். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம்.

முதல் கேள்வியைக் கேரம் போர்டின் மேலேயே போட்டார். "ரட்சிக்க வரவேண்டிய மெசியாதான் வந்துட்டாரே நைனா. நீங்க இன்னும் யாருக்காவ காத்துக்கினு கீறீங்க?"

ரூபன் விழித்தான். ஸ்ட்ரைக்கர் கை நழுவியது. "நாளிக்கு சொல்றேன் அங்கிள்."

அம்பு பட்டுவிட்டது என்று லியோனார்டுக்கு ஒரே குஷி. மறுநாள் அவன் பதிலோடு வந்து நின்றான்.

"அங்கிள், மெசியா வந்தா சண்டை நிக்கணும். ஜனங்க கத்தியை அடிச்சி கலப்பை பண்ணிடுவாங்க. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பக்கத்துல பக்கத்துல படுக்கும். அப்டித்தான் எங்க தீர்க்கதரிசிங்க சொல்லிகீறாங்க. ஆனா நம்ம தெருவுல தண்ணி லாரி வந்தா இன்னா நடக்குதுன்னு நீங்களே பாக்கறீங்களே. அதான் இன்னும் காத்துக்கினு கீறோம்."

காலையில்தான் வியாகுலம்மாள் அந்த லாரி அருகே எதிர் வீட்டுக்காரியின் குடத்தை உருட்டிவிட்டு வந்திருந்தாள். "கரீட்டாத்தான் சொல்லுது புள்ள," என்றாள் அவள், வெட்கமே இல்லாமல்.

லியோனார்டு தளரவில்லை. அடுத்து, பாடுபடும் ஊழியனைப் பற்றிய தீர்க்கதரிசனத்தைக் கொண்டுபோனார். நமக்காக அடிபட்டவர், நொறுக்கப்பட்டவர், அது வேறு யாராக இருக்கமுடியும்? இதற்கும் ரூபன் "நாளிக்கு" என்றான். மறுநாள், "அந்தப் பக்கத்த மட்டும் பாக்காதீங்க அங்கிள். கொஞ்சம் முன்னாடிலேர்ந்து வாங்க. 'இஸ்ரவேலே, நீ என் ஊழியன்'னு கடவுளே பேரைச் சொல்லி கூப்பிடறாரு. அந்த ஊழியன் எங்க ஜனந்தான். அடிபட்டதும் நாங்கதான். அதை எங்களுக்கு யாரும் படிச்சிக் காட்டத் தேவையில்ல," என்றான். கடைசி வரியைச் சொல்லும்போது அவன் குரல் என்னவோ போல் ஆகிவிட்டது. லியோனார்டுக்கே பாவமாகிவிட்டது.

அதற்கு மறுநாள்தான் நண்டு திரும்பி வந்தது.

"கோச்சிக்கினு கீது புள்ள. காலி பண்ணிக்கினு போவப் போவுது பாரு," என்று வியாகுலம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

"நீ ஒண்ணு! நோம்பு கீறான். மனசு மாறப்போறவன்தான் வாயக் கட்டுவான்," என்றார் லியோனார்டு.

சொன்னதோடு நின்றிருக்கலாம். அன்று மாலை ஜெபக்குழுவிலும் போய்ச் சொல்லிவிட்டார்.

குழுவில் ஜெரி என்று ஒருவன். கொஞ்ச காலம் பம்பாய் துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். தலைவர் பதவிமேல் அவனுக்கு ஒரு கண் உண்டு. "மெய்யாலுமாண்ணா? ஒரு யூதரே எழுந்து நின்னு, இயேசுவ ஏத்துக்கினேன்னு சாட்சி சொல்லப் போறாரா? எப்பண்ணா?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டான்.

"மாதா கோயில் பெருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கெயம. என் வூட்டுலயே," என்றது லியோனார்டின் வாய். வாய் சொல்லி முடித்தபிறகுதான் மூளைக்குச் செய்தி போனது.

வாக்குக் கொடுத்தாயிற்று, நாளும் நெருங்குகிறது. தனியாக முடியாது என்று ஜெரியையே துணைக்குக் கூட்டிக்கொண்டு மாடியேறினார். ஜெரி சுற்றி வளைக்கவில்லை. "தோஸ்து, நீ யூதனாவே இரு. யாரு வாணான்னது? இயேசுவையும் ஏத்துக்கோ. அப்பதான் நீ முழு யூதன்."

இந்த முறை ரூபன் நாளைக்கு என்று சொல்லவில்லை. அங்கேயே பதில் வந்தது.

"ஜெரிண்ணா, நீங்க ராயபுரம் ஃபுட்பால் டீமா?"

"பின்ன? கோல்கீப்பரு!"

"வியாசர்பாடி டீமோட ஜெர்சி போட்டுக்கினு, வியாசர்பாடிக்காக கோல் தடுத்துகினு, 'இப்பதான் நான் முழு ராயபுரம்'னு சொன்னா, உங்க டீம்ல இன்னா சொல்வாங்க?"

"தோலை உரிச்சிடுவானுங்க!" என்று ஜெரி ஆவேசமாகச் சொல்லிவிட்டு, பிறகு லியோனார்டைப் பார்த்துப் பேந்தப் பேந்த விழித்தான்.

அதற்கப்புறம் கதை இன்னும் கெட்டது. அடுத்த ஜெபக்கூட்டத்தில் ஜெரி எழுந்து, "அண்ணே, அந்த ஓநாய் ஆட்டுக்குட்டி மேட்டருக்கு நம்மகிட்ட பதில் இன்னா?" என்று கேட்டான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். "அவரு திரும்பி வருவாரு, அப்ப எல்லாம் அமைதியாயிடும்," என்றார் லியோனார்டு. "அப்ப நாமளும் காத்துக்கினுதான் கீறோமா?" என்றாள் பின்னால் இருந்த ஒரு அம்மாள். அன்றைய ஜெபம் வழக்கத்தைவிட சீக்கிரம் முடிந்தது.

மாடியில் இதற்கிடையே விநோதங்கள் கூடிக்கொண்டே போயின. ஒரு வெள்ளிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் ரூபனின் ஜன்னலில் இரண்டு மெழுகுவத்திகள் எரிந்தன.

"பாத்தியா! மெழுகுவத்தி ஏத்திட்டான். நம்ம மாதாவுக்கு ஏத்தற மாதிரியே!" என்று லியோனார்டு தெருவில் நின்று பூரித்தார்.

"காலி பண்ணப் போற வூட்டுக்கு எதுக்கு கரண்ட் பில்லுன்னு லைட்ட அணைச்சிட்டு குந்தினு கீது," என்றாள் வியாகுலம்மாள்.

மறுநாள் சனிக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. கேரம் ஆடவும் இறங்கி வரவில்லை. அதற்கு அடுத்த வாரம் சட்டி, பானை, தட்டு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக் காயலான்கடை வண்டியில் ஏற்றினான்.

லியோனார்டு கைகளைக் குவித்துக்கொண்டார். "பழைய மனுசனக் களைஞ்சி போடறான், வியாகுலம்!"

"வண்டியில ஏறறது பழைய மனுசன் இல்ல, நல்ல குக்கரு. மூட்ட கட்டிட்டான்யா! உன்னாலதான்!" என்று அவள் அடுப்பங்கரைக்குப் போய் அழுதாள். அவள் அழுகையைக் கேட்டபோது முதன்முதலாக லியோனார்டுக்கும் சந்தேகம் வந்தது.

அன்று மாலை அவனிடம் பேச மாடியேறியவர், அவன் போனில் இருப்பது தெரிந்து மாடிப்படியிலேயே காத்திருந்தார். உள்ளே ரூபன் மராட்டியில் பேசிக்கொண்டிருந்தான். "ஆயி, ஆயி" என்று அடிக்கடி சொன்னான். ஆயி என்றால் அம்மா என்று அவருக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனின் அந்தப் பக்கம் ஒரு கிழவி தேம்பித் தேம்பி அழுவது படிக்கட்டு வரை கேட்டது. ரூபனும் மூக்கை உறிஞ்சினான்.

லியோனார்டு சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ தானேயில் ஒரு தாய், மகனை எவனோ மதம் மாற்றிவிட்டான் என்று கதறிக்கொண்டிருக்கிறாள். அந்த எவனோ தான்தான். கரோலினை துபாயில் யாராவது இப்படிச் செய்தால் நான் சும்மா இருப்பேனா என்று நினைத்தபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூடம் நிறைய ஜெபக்குழு. சாட்சி கேட்கப் பக்கத்துத் தெருக்காரர்கள்கூட வந்து வாசலில் நின்றார்கள். ரூபனை மட்டும் காணோம். காலையில் ஆட்டோ பிடித்து சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

"ரயில் ஏறிட்டான்," என்று வியாகுலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கண்ணா சாட்சி?" என்றான் ஜெரி.

லியோனார்டு எழுந்து நின்றார். "ஒரு சாட்சியும் கெடயாது. அந்தப் புள்ள ஒண்ணுமே சொல்லல. நானா பேச்சுக்கு சொல்லிட்டேன். என்னால ஒரு தாய் அழுவுது. அத்த அழ வெச்சி எனக்கு எந்த சாட்சியும் வாணாம். மோட்சத்துல யாருக்கு எடம்னு ஆண்டவரு பாத்துப்பாரு. நான் இன்னா, கேட்டாண்ட நிக்கற வாட்ச்மேனா?" கையிலிருந்த வேதத்தை மூடி வைத்தார். "ரூபன் மாடியில இருந்தா போதும் எனக்கு. தலைவரா ஜெரியே இருந்துக்கட்டும்."

ஜெரி ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினான்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரூபன் இறங்கினான், தலையில் வட்டமாக ஒரு சின்னக் குல்லாய். அவனைப் பிடித்துக்கொண்டு மராட்டிப் புடவையில் ஒரு முதிய அம்மாள். அவள் கையில் துணி போட்டு மூடிய பெரிய தட்டு.

"அங்கிள், இது எங்க அம்மா. உங்களப் பாக்கணும்னே வந்தாங்க," என்றான் ரூபன்.

லியோனார்டு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தார். அறை விழுந்தால் உடையக் கூடாதல்லவா? அந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக அவரிடம் வந்தாள். கன்னங்கள் ஈரமாக இருந்தன. தட்டின் துணியை விலக்கினாள். தேங்காய்ப்பூவும் வெல்லமும் கலந்த அவல், சுற்றிலும் பழங்கள். ஒரு கைப்பிடி அள்ளி லியோனார்டின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு இந்தியில் கடகடவென்று பேசத் தொடங்கினாள்.

"நீ காலி பண்ணலியாப்பா?" என்று வியாகுலம்மாள் ரூபனைக் கேட்டாள்.

"நான் எங்க ஆன்ட்டி போவேன்? இன்னும் ரெண்டு வருஷம் இங்கதான்."

வியாகுலம்மாள் அவன் தலையைத் தடவி, குல்லாயைச் சரிசெய்தாள். லியோனார்டு அந்த அம்மாளிடமிருந்து கையை உருவவும் முடியாமல், அவல் சிந்தவும் விடாமல் தவித்தார். "தம்பி, அம்மா திட்டறாங்களா? இன்னா சொல்றாங்க?"

ரூபனின் காது சிவந்துவிட்டது. "வெக்கமா கீது அங்கிள். ஜெரிண்ணாவையே கேளுங்க, அவருக்கு இந்தி தெரியும்."

ஜெரி காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் வந்தான். கேட்கக் கேட்க அவன் வாய் மெல்லத் திறந்துகொண்டே போனது. அம்மாள் பேசி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஆவலோடு லியோனார்டின் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணே," என்றான் ஜெரி, "ரூபன் காலேஜ் போன நாள்லயே சாமி, ஜெபம், வேதம் எல்லாத்தையும் தலைமுழுவிட்டவராம், நீ கேட்ட கேள்விக்கு பதில் தேடிக்கினு தெனம் தாய்மாமனுக்கு போன் போட்டு படிச்சதுல இப்பதான் மெய்யாலுமே யூதனா ஆயிட்டாராம். நண்டு ஆவாது, பழைய சட்டி பானை ஆவாது, வெள்ளி சாயங்காலம் வெளக்கு, சனிக்கெயம ஓய்வு, எல்லாம் அவங்க வேதக் கட்டளையாம், அந்த சந்தோசத்துலதான் அம்மா அழுவுதாம். மூத்த புள்ள ஒருத்தரு தானேல இன்னும் அப்டியேதான் திரியறாராம், டிக்கெட் போட்டுத் தராங்களாம், நீ ஒரு தபா வந்து அவருக்கும் சுவிசேஷம் சொல்லுவியான்னு கேக்குறாங்க!"