மூணுக்கு ரெண்டு

இதை எழுதப் பல வருஷமாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்புப் படித்தவன் வெளிச்சத்தின் வேகத்தைப் பற்றி எழுதினால் சிரிக்கமாட்டார்களா? ஆனால் பெங்களூரிலேயே வெளிச்சத்துக்காகப் பரிந்து பேசிய ஒரே மனுஷர் எங்கள் நீலசந்திரா ஏரியாவில் ‘மூணுக்கு ரெண்டு’ என்று பட்டப்பேர் வாங்கியவர்தான்.

கண்ணாடி இழைக் கேபிள் இணைக்கிற வேலை அவருக்கு. “காத்துகூட இல்லாத இடத்துல மூணு அடி ஓடற வெளிச்சம், கண்ணாடிக்குள்ள அதே நேரத்துல ரெண்டு அடிதான் ஓடும்” என்பார், யாரும் கேட்காமலே. வேலைக்குத் தாமதமானால், “கண்ணாடிக்குள்ள வந்தேன் சார்!” தண்ணீர் கொடுத்தால் டம்ளரைத் தூக்கிப் பார்த்து, “இதுல நாலுக்கு மூணு” என்பார். “மொதல்ல குடிய்யா, அப்புறம் வெளிச்சத்த ஓட்டு!” என்பார் அவர் சம்சாரம்.

ஓர் ஆடி மாதம். மறுநாள் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க, கோயில் வாசலில் அடுப்புக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தேன். கேபிள் கம்பெனி இன்ஜினியர் கடப்பாரை ஆட்களோடு வந்துவிட்டார், இவரும் கூடவே. மண்ணுக்கடியில் கேபிள் அறுந்துவிட்டதாம். கேபிளுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும் மெஷின், ‘ஆபீசிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்’ என்றதாம். அது சரியாக அம்மன் வாசல்!

“சார், நாளைக்குக் கூழு!” என்று கும்பிட்டேன்.

“மெஷின் சொல்லுதேப்பா, நான் என்ன பண்ணட்டும்?”

மூணுக்கு ரெண்டு மெஷினை எட்டிப் பார்த்தார். “கண்ணாடிக்கான நம்பரப் போடாம விட்டுட்டீங்க சார். காத்துகூட இல்லாத இடத்துல ஓடற கணக்குல சொல்லுது. ஒன்றரை இல்ல, ஒண்ணு. பழைய இரும்புக்கடை வாசல்ல தோண்டுங்க.”

“அங்க இல்லேன்னா?”

“நாளையிலேருந்து நான் வேலைக்கு வரல.”

“யோவ், புள்ளகுட்டிக்காரன்யா நீ!” என்று பதறினேன்.

“வெளிச்சம் என்னை ஏமாத்துமாண்ணா?”

இரும்புக்கடைக்காரர் திட்டத் திட்டத் தோண்டினார்கள். எனக்கு வாயெல்லாம் “தாயே, தாயே”தான். மூன்றடி ஆழத்தில் கிடைத்தது, எலி கடித்துத் துப்பிய கேபிள்!

மறுநாள் இன்ஜினியரே கூழ் குடிக்க வந்தார். இரண்டு சொம்பு முடித்து மூன்றாவதற்கு நீட்டினார். “மூணுக்கு ரெண்டுதான் சார்” என்று சொம்பை வாங்கி வைத்துவிட்டார் இவர்.

அன்று தீபாராதனையில், அம்மனின் வைர மூக்குத்தியைக் காட்டி என் காதில் சொன்னார்: “வைரத்துக்குள்ள வெளிச்சத்துக்குப் பாதி வேகம்கூட கிடையாதுண்ணா. அவள விட்டுப் போக அதுக்கும் மனசு வரல பாருங்க.”

அவர் போய் இரண்டு ஆடி ஆகிறது. தீபாராதனை முடிந்தும் நான் சட்டென்று நகர்வதில்லை.

இதை நாலு பேருக்கு அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கணக்குத் தப்பினால் திருத்த அவரே எழுந்து வந்துவிடுவார்.

வந்தால், எனக்குச் சந்தோஷம்தான்.