'திருப்பி வை' அண்ணன்

எடுத்ததைத் திருப்பி வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு சீனியர். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'திருப்பி வை' அண்ணன்தான்.

ஒருமுறை அழகர்கோவில் பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் கடகடவென்று உயிரை வாங்கியது. அதில் ஆடிக்கொண்டிருந்த தகரத்துண்டை அண்ணன் கழற்றினார். சத்தம் நின்றது. பஸ்ஸே வாழ்த்தியது. உடனே அதைத் திரும்ப மாட்டினார். மறுபடி கடகட.

"யோவ், நின்னுருச்சுல்ல! எதுக்குய்யா மாட்டுன?" என்று கண்டக்டர் கத்தினார்.

"இப்பத்தானண்ணே உறுதியாச்சு!"

சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனார். கோவில் வரை திட்டு வாங்கியவன் நான்தான்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய்ப் பெருமையடித்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல!

நரம்பு செல்கள் சேதி சொல்ல வெளியே விடும் பொருள் செரட்டோனின். வேலை முடிந்ததும் அதை உள்ளே இழுத்துக்கொள்ள, செல்லின் மேல்சவ்வில் ஒரு புரதம் உட்கார்ந்திருக்கிறது. சவ்விலிருக்கும் கொலஸ்ட்ராலை உருவிவிட்டால் அந்தப் புரதம் முடங்கும் என்று காட்டுவதுதான் என் பிஎச்.டி. மருந்து ஊற்றி உருவினேன். இழுப்பு அடியோடு நின்றது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்ட வேண்டும். அதற்குள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அலைந்தேன்.

"திருப்பி வச்சியா மாப்ள?"

"என்னத்தண்ணே?"

"எடுத்த கொலஸ்ட்ராலத்தான்."

வைத்தேன். நின்ற இழுப்பு திரும்பவில்லை. அண்ணன் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

"செல்லு அம்புட்டும் செத்துக் கெடக்கு. புரதம் எங்குட்டு வேல பாக்கும்? இம்புட்டு மருந்தையா ஊத்துவ?"

எட்டு மாதமாகப் பிணங்களை வேலை வாங்கப் பார்த்திருக்கிறேன்! அங்கேயே அழுதுவிட்டேன். பேராசிரியரிடம் பேசி ஒரு மாதம் தவணை வாங்கித் தந்தவர் அண்ணன்தான். மருந்தைக் குறைத்தோம், செல்கள் பிழைத்தன. கொலஸ்ட்ராலை எடுத்தால் இழுப்பு குறைந்தது, திருப்பி வைத்தால் கூடியது. என் பட்டமும் பிழைத்தது.

பிறகு அவர் வேலை கிடைத்து ஹைதராபாத் போனார். எனக்குப் பசி செத்துப்போனது. மெஸ்ஸைத் திட்டினேன், வேறு மெஸ்ஸுக்கு மாறினேன், பூச்சி மாத்திரைகூடப் போட்டேன். ஆறு மாதம் கழித்து லீவில் வந்தவர் என்னைப் புரோட்டாக் கடைக்கு இழுத்துப் போனார். ஒன்பது புரோட்டா உள்ளே போயின.

"பசியே இல்லேன்ன?"

எனக்கு என்ன நோய் என்று அப்போதுதான் புரிந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி பஸ் ஏறிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.