கார்புரேட்டருக்குப் பிடித்த குடை

சொந்தமாக ஒரு பொருளை வைத்துக்கொள்வது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகும் அவமானத்தில் பாதியையாவது கம்பெனியின் தலையில் கட்டலாம் அல்லவா? தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, லயம், கம்பெனிக்குச் சொந்தம். லயத்து வாசலில் நின்ற பலாமரமும் கம்பெனிக்குச் சொந்தம். அதிலிருந்து பழம் விழுந்து என் தம்பியின் முதுகு வீங்கியபோது, அந்த வீக்கம் மட்டும் எங்களுக்குச் சொந்தமாக விடப்பட்டது. இப்படிப்பட்ட பரம்பரையில், முதன்முதலாக ஒரு பொருள் என் கைக்கு வந்தது. அதற்குக் கதவு இல்லை. கூரை இல்லை. பின்சீட் இல்லை. டிக்கி இல்லை.

கார்தான். சத்தியமாகக் கார்தான். (இப்போதும் நான் இதை அடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்!)

அப்போது நான் இலங்கையில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். இருபத்தாறு வயது. கவிஞன் என்று என்னை நானே நியமித்துக்கொண்டிருந்த காலம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது எங்கள் சின்னத்துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மேனேஜர், சீமைக்குக் கிளம்பினார். பிரிவுபசாரத்துக்கு வாழ்த்துப்பா எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவருடைய பந்தயக் காரை "காற்றைக் கடிவாளமாக்கிய இரும்புப் புரவி" என்று பாடினேன். (அதில் இரும்பே அதிகம் இல்லை, முக்கால்வாசி அலுமினியத் தகடு. கவிஞனுக்கு உலோக அறிவு எதற்கு?) பெரிய கிளாக்கர் அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரையின் கண் கலங்கியது. "காரை நீயே வைத்துக்கொள்" என்றார். கப்பலில் ஏற்ற ஆகும் செலவுதான் அவரைக் கலங்க வைத்தது என்பது பின்னால் தெரிந்தது. அன்றைக்கு நான் கவிதையின் வலிமை என்றே நம்பினேன்.

அந்தக் காரைப் பற்றித் துரை ஒரு விஷயம் சொல்லியிருந்தார். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டறையில், பந்தயத் திடலில் ஓட்டுவதற்கென்றே, விரல்விட்டு எண்ணுமளவுக்கு மட்டும் செய்தார்களாம். அப்புறம் பட்டறையை மூடிவிட்டார்களாம். கொழுந்தின் பச்சை. முழங்கால் உயரம். உட்கார்ந்தால் உட்கார்வது போலவே இருக்காது, பூமியோடு ஏதோ ரகசியம் பேசப் படுத்திருப்பது போலிருக்கும். பானெட்டின் பக்கவாட்டில் இரண்டு கார்புரேட்டர்கள், நாதஸ்வர முனைபோல வாயைத் திறந்துகொண்டு வெளியே நீட்டியிருக்கும். கிளப்பினால் பள்ளத்தாக்கு முழுதும் எழுந்து நிற்கும்.

எழுந்து நின்றதே தவிர, யாராவது மதித்தார்களா?

டவுனில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நானா, ஒரு விரலால் தகட்டைத் தட்டிப் பார்த்தார். "மாஸ்டர், நல்ல சாமான். பானை வார்க்க முதல்தரம்" என்றார். பஸ் ஸ்டாண்டில் ஒரு சிங்கள டிரைவர் சுற்றிச் சுற்றி வந்து, "மீதிக் கார் எப்ப மாஸ்டர் வரும்?" என்று நல்ல தமிழில் கேட்டார். லயத்தில் கூட்டம் கூட்டி விளக்கினேன். "இதோட பெருமையே கனம் இல்லாததுதான். கனத்தைக் குறைக்கவே அங்கங்கே ஓட்டை போட்டிருக்காங்க!"

கொழுந்து எடுக்கும் ராமாயி அக்கா இடுப்பில் கைவைத்துக் கேட்டார்: "ஏன் மாஸ்டர், கொழுந்து கனம் கொறஞ்சா எங்களுக்கு அரைப்பேரு போடுறாங்க. இதுக்கு மட்டும் பெருமையா?"

அரைப்பேர் என்றால் பாதி நாள் சம்பளம். சொன்ன எடைக்குக் கொழுந்து வராத நாளில் முழு நாள் வேலைக்குக் கிடைப்பது. அன்றிலிருந்து என் காருக்கு அரைப்பேர் என்றே பெயர் நின்றுவிட்டது. சீமைப் பட்டறையின் பெயர் வெள்ளி எழுத்தில் முன்னால் இருந்தது. ஒருத்தரும் அதைப் படிக்கவில்லை.

இதற்கு நடுவில் செல்வமணி. ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றில் பார்த்து, பேசி, கடிதமாகி, கடிதம் பிடிபட்டு, விஷயம் அவள் அப்பாவிடம் போயிருந்தது. அவர் தெஹியோவிட்டப் பக்கம் தேயிலையும் ரப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர். குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போக அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஆள் மூலம் கேட்டு அனுப்பினார்: "மாஸ்டருக்குன்னு சொந்தமா என்ன இருக்கு? கண்ணால பாக்கணும். திருப்தியா இருந்தா பொண்ண விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி அவளும் கப்பல்ல ஏற வேண்டியதுதான்."

என்னிடம் இருந்தது ஒன்றுதான். "கார் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு வாரம் அதைத் துடைத்தேன். துடைக்கும்போதுதான் அந்த ஓட்டைகள் கண்ணை உறுத்தின. தரையெல்லாம் ஓட்டை. மழைக்காலம் வேறு. வருங்கால மாமனாரின் கெண்டைக்காலில் அட்டை ஏறினால் சம்பந்தம் நிலைக்குமா? பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வாங்கி, அசிட் கலந்து, எல்லா ஓட்டையிலும் ஊற்றி உறைய வைத்தேன். ஒன்றையும் விடவில்லை. துரை எதற்காக மூடாமல் விட்டிருந்தார் என்று ஒரு கணமாவது யோசித்தேனா? இல்லை. வெள்ளைக்காரனுக்கு அட்டை பயம் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. பஸ்ஸிலிருந்து வெள்ளை வேட்டி, கோட்டு, மடித்த குடையோடு டீமேக்கர் இறங்கினார். கூடவே செல்வமணியின் தாய்மாமன், ரப்பர் கங்காணி அங்கமுத்து. ஒருவர் வருவார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். காருக்கு இரண்டே சீட்.

டீமேக்கர் காரைப் பார்த்தார். தேயிலைத் தூளைப் பார்ப்பதுபோலவே குனிந்து, மோந்தும் பார்த்தார்.

"கதவு எங்கப்பா?" என்றார் அங்கமுத்து.

"பக்கத் தகட்டத் தாண்டித்தாங்க ஏறணும்."

"எங்க அக்கா மகளும் தாண்டித்தான் ஏறணுமா?"

டீமேக்கரைத் தூக்காத குறையாக உள்ளே இறக்கி, தோளிலும் இடுப்பிலும் மாட்டும் பந்தய பெல்ட்டை அவருக்குப் பூட்டினேன். மரியாதைக்காகத்தான். அங்கமுத்து பின்னால் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு பின்தகட்டின்மேல் உட்கார்ந்தார். தெரு நெடுக ஆட்கள் வெளியே வந்து, உற்சவ மூர்த்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அங்கமுத்து மட்டும் சந்தோஷமாகக் காரின் தரையை எட்டிப் பார்த்தார்.

"ரப்பர் பாலா? நல்லா அடைச்சிருக்கப்பா. ஒரு சொட்டு ஒழுகாது!"

உலகத்தில் என் காரைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. நெஞ்சு விம்மியது.

தோட்டத்துப் பாதையில் பாதி தூரம். மலையின் மறுபுறத்திலிருந்து மழை புறப்பட்டது. கண்ணுக்குத் தெரிய, ரப்பர் இலைகளைக் கவிழ்த்துக்கொண்டு, சாம்பல் நிறப் படையாக. அழகாக இருந்தது. "அடடா" என்றுகூடச் சொன்னேன். (கவிஞன்!) பாறைக்கு அடியில் வளைவு எடுத்தபோது கார் இருமியது. இன்னொரு முறை இருமியது. நின்றது. நின்ற இடத்துக்கு நேர் மேலே, மலை வடிகால் கான் நிரம்பி, வாளியைக் கவிழ்த்த மாதிரி வெள்ளம் விழுந்துகொண்டிருந்தது.

அங்கமுத்து குதித்து ஓடி ஒரு மரத்தின் வேரடியில் ஒதுங்கினார். டீமேக்கர் பெல்ட்டோடு இருந்தார். "குடை, குடை!" என்றார். அவர் மடியிலிருந்த குடையைப் பிடுங்கினேன். விரித்தேன். வெளியே தாவினேன்.

இப்போது நினைத்தாலும் என் கைமீதே எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குடையை நான் கார்புரேட்டர்களுக்குப் பிடித்தேன்.

தண்ணீர் உள்ளே போனால் எஞ்சின் கெட்டுவிடும், உலகத்தில் அப்படி வேறு கார் கிடையாது, உதிரிப் பாகம் கிடைக்காது... இதெல்லாம் உண்மை. ஆனால் எனக்குப் பின்னால் ஓட்டை அடைத்த கார் தொட்டிபோலச் சத்தமில்லாமல் நிரம்பிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. திரும்பிப் பார்த்தபோது டீமேக்கர் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். வேட்டி அவரைச் சுற்றித் தாமரை இலைபோல மிதந்தது. வெற்றிலைப் பை தனியாக நீந்திக்கொண்டிருந்தது.

"மாஸ்டர்," என்றார் அமைதியாக, "இந்த பெல்ட்ட கழட்டுங்க."

கழற்ற வரவில்லை. கொக்கிக்குள்ளும் ரப்பர் பால் சிந்தி உறைந்திருந்தது. நான் எப்போதும் தனியாகவே ஓட்டியதால் அந்தப் பக்கத்துக் கொக்கியைத் திறந்து பார்த்ததே இல்லை.

அந்த நேரம்தான் மேல்மலையிலிருந்து நிறுவைக்குக் கொழுந்துக் கூடையோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். ராமாயி அக்கா முன்னால். என்னைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், குடைக்கு வெளியே இருந்தவரைப் பார்த்தார்.

"அடி பாவிங்களா, வாங்கடி! பெரியவரு முங்குறாரு!"

கூடைகளை இறக்கிவிட்டு ஏழெட்டுப் பேர் பக்கவாட்டில் கைகொடுத்தார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று ஒருபக்கம் தூக்கினார்கள். சீமைப் பட்டறையின் அபூர்வப் படைப்பு, கழுவிய சட்டியைக் கவிழ்ப்பதுபோலச் சாய்ந்தது. தண்ணீர் போனது. வெற்றிலைப் பை போனது. ஒரு செருப்பு போனது. டீமேக்கர் மட்டும் பெல்ட்டில் தொங்கினார்.

"நல்லாத் தண்ணி கட்டியிருந்திச்சு," என்றார் ராமாயி அக்கா. "நம்ம ஈரக் கொழுந்துக்குத் தண்ணிக் கழிவுன்னு எடையில வெட்டுறாங்கள்ல, அதே மாதிரி இதையும் கழிச்சிட்டா என்னடி மிஞ்சும்?"

"அரைப்பேரு!" என்று அத்தனை பேரும் மழையை மீறிக் கத்தினார்கள்.

அங்கமுத்து மடியிலிருந்த பால்வெட்டுக் கத்தியை உருவிக்கொண்டு பெல்ட்டை அறுக்கக் குனிந்தார். நான் வாய் திறந்தேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: "ஐயோ வெட்டாதீங்க! அது சீமையிலேருந்து வந்த பெல்ட்டு!"

கத்தி நின்றது. "எங்க மச்சான் என்ன, சந்தையிலேருந்து வந்தவரா?" என்று கேட்டுவிட்டு அங்கமுத்து அறுத்தார்.

பள்ளிக்கூடத்து அறையில், என்னுடைய சாரத்தை இடுப்பில் லுங்கியாகக் கட்டிக்கொண்டு, பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்தபடி டீமேக்கர் உட்கார்ந்திருந்தார். செல்வமணி கப்பலின் மேல்தட்டில் நின்று கையாட்டுவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அங்கமுத்து, "கெளம்பலாம் மச்சான், இவன் மனுசனே இல்ல" என்றார்.

"இருப்பா." டீமேக்கர் டீயை உறிஞ்சினார். "சொந்தம்னு ஒண்ணு வந்திட்டா, மாமனாரையே முங்கவிட்டுட்டு அத காப்பாத்துறான். எந்தத் தோட்டத்துலயும் அப்படி ஒருத்தன நான் பாத்ததில்ல. பொண்ணக் குடுக்கலாம்."

நான் எழுந்தேன்.

"ஒக்காருங்க. ஆனா கார் கைய விட்டுப் போகணும். ஒரு மழைக்கு ஒரு கொடைதான் பிடிக்க முடியும். ரெண்டுல எதுக்குப் பிடிக்கப் போறீங்க, மாப்ள?"

அநியாயம் இல்லையா? சொந்தமாக இருந்த ஒரே பொருளுக்காகப் பெண் கிடைத்தாள். பெண்ணுக்காக அந்தப் பொருள் போனது. மறுவாரமே நானாவிடம் கொடுத்தேன். அவர் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை. அது வந்து சேர்வதற்காகவே காத்திருந்தவர்போல வெள்ளி எழுத்துகளைத் திருகிக் கழற்றினார். கல்யாணத்துக்கு ஒரு பெரிய அலுமினியப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். "ஒங்கட சாமான்தான் மாஸ்டர், வேற எதையும் கலக்கல்ல."

அப்பாவின் தீர்ப்பை நான் பெருமையாகச் சொன்ன அன்றைக்கே செல்வமணி, "அப்ப நானு என்ன, ஒங்களுக்கு கார்புரேட்டரா?" என்று கேட்டாள். இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மழை வந்து ஒரே குடை இருந்தால், விரிப்பதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். பிள்ளைகள் அவளுக்கு முந்திக்கொண்டு கேட்பார்கள்: "அம்மாவுக்கா, கார்புரேட்டருக்கா?"

போன மாதம், வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு பத்திரிகைப் பக்கத்தை அனுப்பியிருந்தான். அதே கார், அதே கொழுந்துப் பச்சை. மிஞ்சியிருப்பவை மிகச் சிலவாம். ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு எங்கள் தோட்டத்தையே லயத்தோடு, கோயிலோடு, தம்பியின் முதுகில் பழம் போட்ட அந்தப் பலாமரத்தோடு வாங்கிவிடலாம்.

நான் குதித்தேன். நானாவைத் திட்டினேன், துரையைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், காலமாகிவிட்ட மாமனாரையும் மரியாதையாகத் திட்டினேன். செல்வமணி அடுப்பருகில் அதே பானையைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்திருந்தது.

"சத்தம் போடாம இங்க வாங்க," என்றாள். "கொஞ்சம் ரப்பர் பால் ஊத்துறீங்களா?"