மூணாம் பக்கத்துச் சட்டம்

காலி பாட்டிலைத் திருப்பி வாங்கவே கூடாது என்று ஒரு திங்கட்கிழமை காலை முடிவெடுத்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் எனக்குக் கூல்டிரிங்க்ஸ் கடை. புதுச் சட்டப்படி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க வேண்டுமாம். காலி பாட்டில் வந்தால் அந்தப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். என்னிடம் வாங்கியதற்கு மட்டுமா, எவனிடம் வாங்கினாலுமா? நசுங்கியிருந்தால்? பஜாரில் யாருக்கும் தெரியவில்லை. நோட்டீஸ் ஐந்து பக்கம், முழுக்க மலையாளம். நான் கோவில்பட்டிக்காரன். மலையாளத்தில் பேசுவேன், சண்டை போடுவேன். படிக்கத் தெரியாது. மனைவி சங்கரி பிறந்து படித்ததெல்லாம் இங்கேதான். அவளிடம் நீட்டினேன்.

"வாங்காம இருக்க முடியாதுங்க. அபராதம்னு போட்டிருக்கு."

"வேற கடையில வாங்குன பாட்டில்?"

"நீங்க விக்கிற வகைன்னா எடுக்கணும்."

"சரி, எடுத்து மூட்டை கட்டிரலாம்."

"கழுவித்தான் கட்டணும். மூணாம் பக்கம்."

"நீ கழுவிடேன்."

"லைசென்ஸ் உங்க பேர்ல. கடைக்காரர் தன் கையால கழுவணும்." பக்கத்தைத் திருப்பினாள். "கழுவுற தொட்டியில வேற அழுக்குப் பாத்திரம் கிடக்கக் கூடாதாம்."

"நம்ம வீட்டுத் தொட்டியில எப்பவும் கிடக்குமே?"

"அப்ப அதை முதல்ல கழுவிடணும். சட்டங்க, நான் என்ன செய்ய?"

மூன்று வாரம் தோசைக்கல், குக்கர், மீன்சட்டி எல்லாம் தேய்த்து முடித்து, பிறகு பாட்டில் கழுவினேன். பாட்டிலும் காலி, நானும் காலி.

நாலாவது வாரம் அஞ்சனா என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். பளபளத்த பாட்டில் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"சேட்டா, இதெல்லாம் கழுவ ஆரு பறஞ்சு?"

"மூணாம் பக்கத்துல இருக்கே, மேடம்."

"அதில் ஆபீஸ் போன் நம்பர் மாத்திரந்தான்."

பையிலிருந்து ஒரு நோட்டீஸ் எடுத்துக் கொடுத்தார். அதே சட்டம், தமிழில். இரண்டு தடவை படித்தேன். கழுவுவது பற்றி ஒரு வரி இல்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். இன்றைக்கு அவளா நானா பார்த்துவிடலாம். சங்கரி தமிழை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று.

"இது மொழிபெயர்ப்புங்க," என்றாள். "நிறைய விட்டுட்டாங்க."

யார் சொல்வது சரியென்று எனக்கு இன்னும் குழப்பம்தான். இப்போது கடையில் தமிழ்ச் சட்டம் நடக்கிறது. வீட்டில் மலையாளச் சட்டம்.