கைக்கு என்றால் கைக்கு அல்ல

கல்யாணம் நிச்சயமான ஆண்பிள்ளையிடம் எதைக் கேட்டாலும் "தெரியும்" என்றுதான் சொல்வான். நீச்சல் தெரியுமா, தெரியும். சப்பாத்தி போடத் தெரியுமா, தெரியும். அந்த நாட்களில் என்னிடம் விமானம் ஓட்டத் தெரியுமா என்று கேட்டிருந்தால்கூட, "பெரிய விமானம் ஓட்டியதில்லை" என்று அடக்கமாகச் சொல்லியிருப்பேன். பிரமிளா அதையெல்லாம் கேட்கவில்லை. "ஹிந்தி வருமா?" என்று மட்டும் கேட்டாள். வரும் என்றேன். அந்த ஒரு பதிலால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

நான் பொள்ளாச்சிக்காரன். கம்ப்யூட்டர் வேலை கிடைத்து ஹைதராபாத் வந்து, சனத்நகரில் நண்பர்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆபீஸில் இங்கிலீஷ், அறையில் தமிழ், மெஸ்ஸில் விரலைக் காட்டினால் சோறு போடுவார்கள். என்னிடம் இருந்த மொத்த ஹிந்தி பையா, கித்னா, சீதா, இன்னும் சில்லறையாக ஒன்றிரண்டு. இவற்றை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறி, நேராகப் போய், விலை கேட்டு இறங்கிவிடலாம். (வளைய வேண்டிய இடம் வந்தால் கையைக் காட்டுவேன்.) பிரமிளாவின் குடும்பமோ வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்து சேர்ந்தது. வீட்டில் பேசுகிற தமிழில் பாதி தெலுங்கு, மீதியில் பாதி உருது. அப்படிப்பட்ட பெண்ணிடம் எனக்கு ஹிந்தி வராது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இனி வண்டி. அது பழைய பைக்தான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் பாதி வேலை செய்து வைத்திருந்தார், மீதியை நான் முடித்தேன். பின் டயரை மாட்டுவண்டிக்குப் போடுகிற அளவுக்குத் தடியாக்கினேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஒரு குழாயை மாட்டினேன். தெரு முனையில் நான் திரும்பினால் அறையில் இருக்கிற நண்பர்கள் குக்கரை அணைத்துவிட்டுத் தட்டு எடுத்து வைப்பார்கள். ஹேண்டில் பாரைத் தோளுக்கு நேராக உயர்த்தி வைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நீளமான சீட்டைத் தூக்கிவிட்டு ஒற்றை சீட் போட்டேன். அதற்குப் பின்னால் ஒரு தகடு. சாப்பாட்டுப் பை ஒன்று, அதுவும் ஒல்லியான பையாக இருந்தால், அதில் உட்காரலாம்.

அந்த வண்டியில் போகும்போது நான் சிங்கம் மாதிரி இருப்பதாக எனக்கு நினைப்பு. போட்டோவில் பார்த்தால் கொடியில் வேட்டி காயப்போடுகிறவன் மாதிரிதான் இருக்கிறேன்.

நிச்சயதார்த்தம் ஆனதிலிருந்து இந்த வண்டியை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று எனக்குள் ஒரே இழுபறி. அம்மா போனில் கூப்பிடும்போதெல்லாம், "அந்தக் கருமத்த வித்துப்போட்டு நல்லதா ஒண்ணு எடு கண்ணு" என்பாள். பகலில் ஆபீஸில் உட்கார்ந்து எக்ஸ்சேஞ்ச் விளம்பரங்களைப் பார்ப்பேன். சாயங்காலம் வந்ததும் ஒரு பனியன் துணியை எடுத்து டேங்கைத் துடைத்துக்கொண்டே அதனிடம் மன்னிப்புக் கேட்பேன்.

ஒருநாள் பிரமிளாவின் அப்பா என் அறையைப் பார்க்க வந்தார். லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். கீழே நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "பின்னாடி யாரு மாப்பிள்ளை உக்காருவாங்க?" என்று கேட்டார்.

நான் பெருமையாகச் சொன்னேன். "யாரும் உக்கார முடியாதுங்க மாமா. சிங்கிள் சீட்டுங்க இது."

அவர் என்ன கேட்டார் என்பது அன்று இரவு பிரமிளா போன் செய்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதை அப்பா நிறுத்திவைத்துவிட்டார் என்றாள்.

"ஒத்த சீட்டு வண்டி வெச்சிருக்கவரு மனசுலயும் ஒத்த சீட்டுதான் இருக்கும்னு சொல்றாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நான் என்ன சொல்றது. எனக்கு எடம் எங்கன்னு எனக்கும் தெரியணும்ல."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள். வண்டியைக் கொடுத்துவிடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். ஷோரூமில் விசாரித்தால், கம்பெனியில் வந்தபடி சீட், ஹேண்டில், சைலன்சர் எல்லாம் இருந்தால்தான் எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்போம் என்றார்கள். நல்ல வேளையாக அந்தப் பழைய சாமான்கள் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை நான் வண்டியோடு லாலாகுடாவில் அவர்கள் வீட்டுக்கு வருவது, அங்கிருந்து அப்பாவும் பெண்ணுமாக எல்லோரும் ஷோரூம் போவது என்று ஏற்பாடு. "மெக்கானிக்கிட்ட நான் வேணா போன்ல பேசட்டா?" என்று பிரமிளா கேட்டாள்.

"எதுக்கு? எனக்குத்தான் ஹிந்தி வருமே" என்றேன். (விதி.)

சனத்நகரில் என் வண்டிக்கு வேலை செய்பவர் கலீம் பாய். நான் வண்டியைத் துடைப்பதாவது பரவாயில்லை, அவர் அதைத் தட்டிக்கொடுப்பார். அதுவரை எங்களுக்குள் பேச்சுத் தேவைப்பட்டதே இல்லை. போனில் ஒரு படத்தைக் காட்டுவேன், அதேபோல் செய்துவிடுவார். இந்தத் தடவை படம் இல்லை. சாக்கை இறக்கி வைத்துவிட்டு, வண்டியை மேலிருந்து கீழ்வரை காட்டி, "ஸப் நிகால்" என்றேன். எல்லாவற்றையும் கழற்று என்று அர்த்தம் என நம்பினேன்.

கலீம் பாயின் முகம் வாடிவிட்டது. ஹேண்டில் பார்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கைக்கு?"

எனக்கு உடம்பே சிலிர்த்தது. மனுஷன் தமிழ் பேசுகிறாரே! கையை வைத்திருப்பது ஹேண்டிலில், கேட்பது கைக்கு. கைக்கு வசதியாக இல்லையா என்று கேட்கிறார். இதைவிடத் தெளிவாக யார் கேட்க முடியும்?

"ஆமா பாய், கைக்கு, கைக்கு" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இவ்வளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் தோள்பட்டை எப்படி வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்தும் காட்டினேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்து, "ஹவ்" என்றார்.

இப்போது இங்கிலீஷும் பேசுகிறாரே என்று எனக்கு மேலும் மகிழ்ச்சி. எப்படிச் செய்வது என்று கேட்கிறார் போல. மறுபடியும் கைகளைத் தூக்கி, எப்படி என்று விளக்கினேன். மறுபடியும் "ஹவ், ஹவ்" என்றார். இன்னும் உயரத் தூக்கி விளக்கினேன். கடைசியில் என் தோளைத் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார். அறைக்கு வந்து நண்பர்களிடம், ஹிந்தி ஒன்றும் கஷ்டமில்லை, பாதித் தமிழ்தான் என்று சொன்னேன்.

இந்த ஊர் உருதுவில் 'கைக்கு' என்றால் 'ஏன்' என்று அர்த்தம். 'ஹவ்' என்றால் 'ஆமாம்'. இதைத் தெரிந்துகொண்டு மேலே உள்ள பேச்சை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இவ்வளவு அழகான வண்டியை ஏன் பிரிக்கச் சொல்கிறாய் என்று அவர் மனம் நொந்து கேட்கிறார். நானோ, "ஏன், ஏன்" என்று அவரைவிடப் புலம்பிவிட்டு, ஹேண்டிலை இன்னும் உயரத்தில் வைக்கும்படி மூன்று தடவை கெஞ்சியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போய் வண்டியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. (வந்திருந்தாலும் எந்த மொழியில் பேசுவது?) ஹேண்டில் பார் வானத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின்னால் சாப்பாட்டுப் பைக்கென்று இருந்த தகடும் போய்விட்டது. அழகுக்கு இடைஞ்சல் என்று எடுத்திருப்பார். சாக்குமூட்டை கட்டின கட்டு அவிழாமல் ஓரமாக நின்றது. கலீம் பாய் கண் கலங்க நின்றுகொண்டிருந்தார். தன் வாழ்நாளில் செய்த நல்ல வேலை இதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

லாலாகுடாவில் காத்துக்கொண்டிருப்பார்கள். வேறு வழியில்லாமல் ஏறினேன். மூட்டையைக் கட்ட வண்டியில் இடம் இல்லாததால் முதுகில் மாட்டிக்கொண்டேன். இரண்டு கையும் மேலே. பேகம்பேட் பாலத்தில் போகும்போது பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்த ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது. நான்தான் முதலில் காட்டினேன் என்று நினைத்துக்கொண்டது போல. சிக்னலில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் சைலன்சர் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, போனை எடுத்துப் படம் பிடித்தார். பிற்பாடு வந்த அபராதச் சலானில் அந்தப் படம் இருந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிச் சரணடைகிற மாதிரி அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

லாலாகுடாவில் அப்பாவும் பெண்ணும் வாசலிலேயே நின்றார்கள். நான் வருவது நாலு தெருவுக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். வண்டியை நிறுத்தினேன். கையைக் கீழே இறக்கினால் தோள் ஒத்துழைக்கவில்லை.

மாமா வண்டியைப் பார்த்தார். தகடு இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என் முதுகைப் பார்த்து, "மூட்டையில என்ன?" என்று கேட்டார்.

"சீட்டுங்க மாமா. ரெண்டு பேரு உக்கார்ற சீட்டு."

"உக்கார்ற எடத்த முதுகுல தூக்கினு வந்துருக்கீங்க, தம்பி."

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வார்த்தை. ஒரு மாதமாக நான் மாப்பிள்ளை. அந்த வாசலில், அரை நொடியில், தம்பி ஆகிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் வழி கேட்கிறவனும் தம்பிதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அது தோள் வலியால் இல்லை.

பிரமிளாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "மெக்கானிக்கிட்ட என்னதான் சொன்னீங்க?" என்றாள்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். ஸப் நிகால் என்றதைச் சொன்னேன். "அவரு கைக்குன்னு கேட்டாருங்க. நானும் ஆமா, கைக்குத்தான்னு சொன்னேன். கையத் தூக்கி வேற காட்டினேன்."

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. மாமா சிரிக்கவில்லை. ஆனால் ஆட்டோ கூப்பிடப் போனார். ஷோரூமுக்கு இல்லை, சனத்நகருக்கு. இந்தக் கதை உண்மைதானா என்று மெக்கானிக் வாயால் கேட்கவேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. அதில் தப்பும் இல்லை. இப்படி ஒரு மடையன் இருப்பான் என்று யார் நம்புவார்கள்?

ஆட்டோவில் அப்பாவும் பெண்ணும் முன்னால் போக, நான் கைகளைத் தூக்கியபடி பின்னால் போனேன். ஒவ்வொரு சிக்னலிலும் பிரமிளா ஆட்டோவிலிருந்து எட்டி என்னைப் பார்ப்பாள், உடனே தலையை உள்ளே இழுத்துக்கொள்வாள். ஆட்டோ லேசாகக் குலுங்கும்.

கலீம் பாய் எங்களைப் பார்த்ததும் பாராட்டத்தான் வந்திருக்கிறோம் என்று நாற்காலி எடுத்துப் போட்டார். பிரமிளா அவருடைய பாஷையிலேயே கேட்டாள். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டு, என்னைக் காட்டி, "மை கைக்கு பூச்சா, இனோ பீ கைக்கு கைக்கு போலே" என்றார். நான் ஏன் என்று கேட்டேன், இவரும் ஏன் ஏன் என்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். இருமல் நீண்டுகொண்டே போனது.

பிரமிளா எனக்கும் விளக்கினாள். கைக்கு என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. முதுகில் இருந்த மூட்டையையும் இறக்கத் தோன்றவில்லை. கலீம் பாயின் பக்கம் திரும்பி வண்டியைக் காட்டி, மறுபடியும் அதையே சொன்னேன். ஸப் நிகால்.

அவரால் இன்னும் நம்ப முடியவில்லை. தன் கையால் செய்த ஹேண்டிலைத் தடவிக்கொண்டே, பரிதாபமாகக் கேட்டார்.

"கைக்கு?"

இந்தத் தடவை அவர் ஏன் என்றுதான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் ஹிந்தியில் பதில் இல்லை. பிரமிளாவைக் காட்டினேன்.

"கைக்கு இல்லீங்க பாய். இவங்களுக்கு."

பிரமிளாவின் சிரிப்பு நின்றது. தமிழ் தெரியாத கலீம் பாய்க்குக்கூட அது புரிந்துவிட்டது. "அச்சா" என்று சொல்லி ஸ்பேனரைத் தேடப் போனார். மாமா என் பக்கம் திரும்பினார்.

"அந்த மூட்டைய எறக்கி வைங்க, மாப்பிள்ளை."

அன்று மத்தியானத்துக்குள் பழைய சீட், பழைய சைலன்சர், பழைய ஹேண்டில் எல்லாம் ஏறிவிட்டன. வண்டி பார்க்கப் பால்காரர் வண்டி மாதிரி ஆகிவிட்டது. சரி, ஷோரூம் போகலாமா என்றேன். பிரமிளா பதில் சொல்லாமல் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஆட்டி அசைத்துப் பார்த்துவிட்டு, "புதுசு நக்கோ. இதுவே இருக்கட்டும்" என்றாள். வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்று நான் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அத்தோடு முடிந்தது. பத்திரிகை அந்த வாரமே அச்சுக்குப் போனது.

அதன் பிறகு இந்த வீட்டில் நான் போனை மாற்றவேண்டும் என்றாலும், டிவியை மாற்றவேண்டும் என்றாலும், பிரமிளா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "கைக்கு?" என்பாள். அதைத் தாண்டி ஒரு பொருளும் இதுவரை மாறியதில்லை.

வானத்தைத் தொட்ட அந்த ஹேண்டில் பாரை மட்டும் கலீம் பாய் எங்கள் கல்யாணத்துக்குப் பாலிஷ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை. மாமா அதை எங்கள் வாஷ்பேசினுக்குப் பக்கத்துச் சுவரில் திருகி மாட்டிவிட்டார். துண்டு தொங்கவிட அதைவிட வசதி கிடையாது. வீட்டுக்கு வருகிற உள்ளூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனால் அதைப் பார்த்துத் திகைத்து நிற்பார்கள். பைக்கின் ஹேண்டில் இங்கே "கைக்கு?" என்று கேட்பார்கள்.

எங்கள் மகள் இந்த ஊர்ப் பள்ளியில் படிக்கிறவள். நாங்கள் தமிழில் எதைக் கேட்டாலும் தெலுங்கிலோ ஹிந்தியிலோதான் பதில் சொல்வாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும், எந்த அறையில் இருந்தாலும் ஓடிவந்து, துண்டை எடுத்து விருந்தாளியிடம் நீட்டிவிட்டு, சுத்தமான தமிழில் பதில் சொல்வாள்.

"கைக்குத்தான், அங்கிள்."