பாலோ பலகைப் பாலம்

உலகத்தில் வறுமை ஒழிய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மலேசியாவில் உலு திராமைச் சேர்ந்த ஜெரால்டினுக்கும் இல்லை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவள், இருபத்தாறாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு உலகத்தை முன்னேற்றுவது என்று தீர்மானித்தாள். அவளுடைய அப்பா கிரகோரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அதுல சேமநிதி புடிப்பாங்களா?"

ஜொகூர் பாருவில் 'அகில உலக வளர்ச்சிக் கூட்டு மையம்' என்று ஓர் அமைப்பு இருந்தது. துறையில் பழுத்தவர்களின் பின்னாலேயே ஆறு மாதம் நடந்து, அவர்கள் செய்வதைப் பார்த்தே தொழில் கற்றுக்கொள்ளும் திட்டத்தை அது நடத்தியது. ஜெரால்டினுக்கு வாய்த்தவர் குமரப்பன். பதினான்கு நாடுகளில் இருபத்திரண்டு வருடம் வளர்ச்சிப் பணி ஆற்றியவர்.

முதல் நாளே அவள் நோட்டைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

"சார், மொசாம்பிக்ல என்ன செஞ்சீங்க?"

"திறன் வளர்த்தேன்."

"யாரோட திறன் சார்?"

"திறன் வளர்க்கிறவங்களோட திறன்."

"அவங்க யாரோட திறன வளர்த்தாங்க?"

"அதுக்குள்ள என்னை நேப்பாளத்துக்கு மாத்திட்டாங்கம்மா."

ஜெரால்டின் அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் மாதம் களப்பணி. பாலோ என்ற ஊர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் குடியிருப்பு. அங்கே கால்வாய்மேல் இருந்த நடைபாலம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைத்தெருவுக்குப் போக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். பிரேமலா என்ற பெண் தினமும் காலையில் விற்பதற்கு அறுபது பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றை இரண்டு கூடைகளில் சுமந்துகொண்டு சுற்றினாள்.

மக்கள் கருத்தறியும் கூட்டத்துக்குப் பிரேமலாதான் முதலில் வந்தாள்.

"வட்டமா உக்காரணுமா சார், அஞ்சு அஞ்சு பேரா பிரிஞ்சு உக்காரணுமா?" என்று கேட்டபடி பையிலிருந்து கலர் பேனாக்களை எடுத்து வைத்தாள். "முன்னாடி கூட்டம் நடத்த வந்தவங்க விட்டுட்டுப் போனது. கலர் தாளும் இருக்கு."

குமரப்பன் நெகிழ்ந்துபோனார். "உங்க தேவை என்னம்மா?"

"பாலம்."

"அது தீர்வு. நான் கேக்கிறது தேவை."

"கால்வாயத் தாண்டணும்."

"அது விருப்பம். இன்னும் கொஞ்சம் ஆழமாப் போங்க."

"ஆழமாப் போனா இடுப்பளவு தண்ணி சார்."

லாரி ஓட்டும் மூர்த்தி எழுந்தார். "என்கிட்ட நாலு நல்ல பலகை இருக்கு சார். அரை நாள் வேலை. நானே போட்டுர்றேன்லா."

"அலமாக்!" குமரப்பன் பதறிவிட்டார். "அடிப்படை ஆய்வே இன்னும் முடியலையே! பாலம் வந்துட்டா, பாலம் இல்லாத நிலைமைய எப்படி ஆராயிறது?"

மூர்த்தி உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வு ஐந்து வாரம் நடந்தது. எண்பத்து நான்கு பக்க அறிக்கையை ஜெரால்டின்தான் தட்டச்சு செய்தாள். மக்களின் மிக அவசரமான தேவை இன்னொரு ஆய்வு என்பது அதன் முடிவு.

அந்த வாரம் நல்ல மழை. சுற்றிப் போகச் சலித்துப்போய்க் கால்வாயில் இறங்கிய பிரேமலா சறுக்கி விழுந்தாள். முழங்காலில் ஏழு தையல். பொட்டலங்கள் எல்லாம் தண்ணீரோடு போயின. பார்க்க வந்த ஜெரால்டினிடம், "உங்க அறிக்கையில இத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஜெரால்டின் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

சனிக்கிழமை அவள் மூர்த்தியைத் தேடிப் போனாள். மத்தியானத்துக்குள் நாலு பலகையும் கால்வாய்மேல் உட்கார்ந்துவிட்டன. அவள் பிடித்துக்கொடுத்தது பலகையின் ஒரு முனையைத்தான். ஆனாலும் உள்ளங்கையில் கொப்புளம் வந்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, விலகல் கடிதத்தோடு போய்க் குமரப்பன் முன்னால் நின்றாள். அவள் நீட்டிய பாலத்தின் படத்தை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"யாரையும் கேக்கல சார்."

"யாரையுமே கேக்கலையா?" அவர் குரல் தழுதழுத்தது. "மக்கள், தங்களுக்கு வேணுங்கிறத, தாங்களே... இருபத்திரண்டு வருஷத்துல இத நான் கண்ணால பார்த்ததே இல்லம்மா!"

அன்று மாலையே அதற்குப் 'பாலோ முறை' என்று பெயர் வைக்கப்பட்டது. அடுத்த மாதம் ரிப்பன் வெட்டினார்கள். வளர்ச்சி நிபுணர்கள் பேங்காக்கிலிருந்து வந்தார்கள், ஜெனிவாவிலிருந்து வந்தார்கள். எல்லாரும் பலகைமேல் அந்தப் பக்கம் நடந்தார்கள், இந்தப் பக்கம் நடந்தார்கள், குறிப்பெடுத்தார்கள். மூர்த்தி மூத்த பலகை ஆலோசகர் ஆனார். பிரேமலா கள அனுபவ உரை நிகழ்த்தினாள். அவளுடைய நாசி லெமாக் இருநூறு பொட்டலமாக உயர்ந்தது. ஜெரால்டின், சேமநிதி வசதியோடு, பாலோ முறையின் ஒருங்கிணைப்பாளர் ஆனாள். விருந்தினர் படம் எடுத்துக்கொள்ளும் நாட்களில் குடியிருப்புவாசிகள் மட்டும் சுற்று வழியில் போகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. சிமெண்டுப் பாலம் கட்ட ஒப்புதல் கிடைத்துவிட்டதாம். அடுத்த மாதமே வேலை தொடங்குமாம்.

குடியிருப்பு மண்டபத்தில் கடிதத்தை வாசித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை.

"சிமெண்டுப் பாலத்தப் பாக்க ஜெனிவாலேர்ந்து யாரு வருவா?" என்றாள் பிரேமலா.

உடனே ஒரு மனு தயாரானது. 'எங்கள் குடியிருப்பின் பின்தங்கிய நிலையைத் தொடர்ந்து பாதுகாத்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.' மூர்த்தி ஓரிடத்தில் 'மிகவும்' சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்கள்.

ஜெரால்டின் அதை மூன்று தடவை படித்தாள். "அக்கா, வெள்ளம் வந்தா பலகை தாங்காதே..." என்று ஆரம்பித்தாள்.

"தாங்காதுதான்," என்றாள் பிரேமலா, ஆதரவாக. "ஆனா அதுவரைக்கும் உங்க வேலை தாங்கும்லா."

ஜெரால்டின் பேனாவைத் திறந்தாள். இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். முதல் வரிசையில் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது.

'வளர்ச்சிப் பணி' என்று தெளிவாக எழுதினாள்.