மண்ணூர்பேட்டையில் ஒரு கயாக்

தெரிந்த விஷயத்தை நான் இரண்டு வரியில் முடித்துவிடுவேன். தெரியாத விஷயம் என்றால்தான் அரை மணி நேரம் பேசுவேன். கல்யாணமான முதல் வாரத்திலேயே என் மனைவி கௌசல்யா இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அது புரிய ஊரே மூழ்குகிற மாதிரி ஒரு மழை பெய்ய வேண்டியிருந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. கரூரிலிருந்து வந்து ஐடி வேலையில் ஒட்டிக்கொண்டு, மண்ணூர்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருந்தோம். முந்தைய மழைக்காலத்தில் பட்ட பாடு தாங்காமல் ஆன்லைனில் ஒரு கயாக் வாங்கியிருந்தேன். ஒல்லியான, நீளமான பிளாஸ்டிக் படகு. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். அது மொட்டைமாடியிலேயே கிடந்தது. கௌசல்யா அதன்மேல் தலையணை உறை காயப்போடுவாள். படகு ஓட்டுவதில் எனக்கிருந்த அனுபவம், தேனிலவுக்குப் போனபோது கொடைக்கானல் ஏரியில் அரை மணி நேரம். (அதுவும் மிதிபடகு. அதற்குத் துடுப்பே கிடையாது.)

எதிர் ஃபிளாட்டில் பிரோஷ்கா என்ற ஹங்கேரிக்காரப் பெண்மணி இருந்தார். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த இன்ஜினியர். பிரோஷ்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த தலை, அதிகம் பேசாத சுபாவம், பீரோ அகலத்துக்குத் தோள்கள். அந்தத் தோள்களைப் பார்த்தாவது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். 'வாஷிங் மெஷின் இல்லாமல் கையாலேயே துவைப்பார் போல' என்று மட்டும் தோன்றியது.

அந்த டிசம்பரில் நான்கு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் காலை தெருவில் மார்பளவு தண்ணீர் நின்றது. தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருந்த ஷமீம் அக்காவை முதல் மாடிக்குத் தூக்கி வந்திருந்தோம். அவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். இரண்டு முறை தவறிவிட்டது. கால் வீங்கி, நான்கு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

வாட்ச்மேன் தனசேகர் அண்ணன் நனைந்தபடி படியேறி வந்தார். "ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டாண்ட வந்து நின்னுகினு கீது சார். உள்ள வர முடிலயாம். ஃபயர் சர்வீஸ் படகு எப்போ வரும்னு ஒருத்தனுக்கும் தெரில."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படகு வைத்திருந்த ஒரே ஆள் நான்தான்.

படகை இறக்கி வாசல் படியருகே மிதக்கவிட்டோம். பிரோஷ்கா வந்து நின்றார். "முதலில் நோயாளி இல்லாமல் ஒரு முறை போய்ப் பார்க்கலாம். நானும் வருகிறேன்" என்றார் ஆங்கிலத்தில். பாவம், பயப்படுகிறார் என்று நினைத்தேன். முன்னால் உட்காரவைத்துப் பாடத்தை ஆரம்பித்தேன். துடுப்பை எப்படிப் பிடிப்பது, முதுகை எப்படி வைத்துக்கொள்வது, நீரோட்டத்தின் மனசை எப்படிப் புரிந்துகொள்வது. (நீரோட்டத்தின் மனசு! சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.) எல்லாவற்றையும் அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"சார், துடுப்பு தலைகீயா கீது சார்" என்றார் தனசேகர் அண்ணன்.

"இது வேற ஸ்டைல்ணா."

இரண்டு முறை வலித்தேன். படகு ஒரு முழு வட்டமடித்து காம்பவுண்ட் சுவரில் முட்டியது. சுவரைக் கையால் தள்ளினேன். சுவர் நகரவில்லை, நான் நகர்ந்தேன். தலைகுப்புற விழும்போது கடைசியாக ஒன்றைப் பார்த்தேன்: கவிழப்போன படகில் பிரோஷ்கா துடுப்பைத் தண்ணீர்மேல் பளாரென்று ஒரு அறை அறைந்தார். படகு அடங்கி நிமிர்ந்துகொண்டது.

தலையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு எழுந்தேன். தனசேகர் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டார். மூன்று மாடி பால்கனியிலும் ஆட்கள்.

"தம்பி, நீ மேல போப்பா. அந்தம்மாவே என்னைய கூட்டிகினு போவட்டும்" என்றார், முதல் மாடியிலிருந்து இறக்கிப் படியில் உட்காரவைத்திருந்த ஷமீம் அக்கா, மூச்சு வாங்கிக்கொண்டே.

அக்காவை முன்னால் உட்காரவைத்தோம். பிரோஷ்கா பின்னால் உட்கார்ந்தார். அதன் பிறகு நான் பார்த்ததைச் சரியாகச் சொல்ல இன்றுவரை எனக்கு வரவில்லை. துடுப்பு தண்ணீருக்குள் போகிற சத்தமே இல்லை. நான் வட்டமடித்த அதே படகு, கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. மூழ்கிய பைக்குகளும் சாய்ந்த கம்பமும் விலகி வழிவிடுவதுபோல இருந்தது. பால்கனிகளில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள். தெருமுனையில் படகு கண்ணிலிருந்து மறைந்ததும் தனசேகர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "இன்னா கை சார் அது!"

ஷமீம் அக்காவை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பியவர் உட்காரவே இல்லை. பக்கத்துத் தெருக்களிலிருந்து வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் மாலை வரை ஒவ்வொருவராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

கடைசியில் வாசல் படியில் உட்கார்ந்து கௌசல்யா கொடுத்த டீயைக் குடிக்கும்போதுதான் கேட்டேன், எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று.

டான்யூப் நதியில், ஒன்பது வயதில். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை என்று அம்மா கொண்டுபோய்ப் படகுப் பயிற்சியில் விட்டாராம். குளிர்காலத்தில் துடுப்பில் பனி உறையுமாம். பெரிய போட்டிகளில் வருடக்கணக்காக இரண்டாமிடம். ஒருமுறை விரலகலத்தில் தங்கம் போனது. பிறகு தோள் தசை கிழிந்தது. இனி துடுப்பைத் தொடாதே என்றார் டாக்டர். இரண்டு வருடம் கழித்து, தன்னைவிடப் பத்து வயது இளையவளுக்குப் பின்னால் இருவர் படகில் உட்கார்ந்து உலக சாம்பியன் ஆனாராம். பஸ் பிடித்து வந்த கதையைப் போல இதைச் சொன்னார்.

"பின்னால் இருப்பவளுக்கு முன்னால் இருப்பவளின் முதுகுதான் தெரியும். மூச்சு முதுகில் தெரியும். இன்றும் ஷமீமின் முதுகைப் பார்த்துத்தான் ஓட்டினேன். மூச்சு திணறியபோது மெதுவாகப் போனேன்."

"ஏங்க, முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள்" என்றார். கிண்டலே இல்லாமல்.

அடுத்த கோடையில் அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஷமீம் அக்கா இப்போதும் கீழே தைத்துக்கொண்டிருக்கிறார். குடியிருப்புக்குப் புதிதாக யார் வந்தாலும் ஊசியை நிறுத்திவிட்டு என்னைக் காட்டி அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "இவரு சாதாரண ஆளுன்னு நெனச்சிடாதீங்க. உலக சாம்பியனுக்கே துடுப்பு புடிக்கக் கத்துக் குடுத்தவரு."

வந்தவர்கள் கண்களை விரித்து மரியாதையோடு என்னைப் பார்ப்பார்கள். உடனே மறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அதற்குள் கௌசல்யா சிரித்துவிடுகிறாள்.